ஏட்டையா சந்தேகப்பட்ட வாதாம் மரம்

முப்பத்திரண்டு வருஷம் போலீஸ் வேலை பார்த்து, ஏட்டாக ஓய்வு பெற்று, சேதுபதி ராஜபாளையத்து வீட்டோடு தங்கிய முதல் ஐப்பசி அது. வாசலில் நின்ற வாதாம் மரம் சிவப்புச் சிவப்பாக இலைகளைக் கொட்டியது. பத்தே நாளில் பாதி மரம் மொட்டை. யாரோ வேரில் ஆசிட் ஊற்றுகிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். பக்கத்து வீட்டு அஸ்ஃபியாதான் குப்பை விழுகிறதென்று எப்போதோ முணுமுணுத்தவள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு மூன்று நாள் கண்காணித்தார்.

நாலாம் நாள் காலையில் அவள் வாளியோடு வந்து மரத்தடியில் எதையோ ஊற்றினாள். சேதுபதி பாய்ந்து போய் வாளியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார்.

"என்னத்த ஊத்துத?"

"அரிசி களைஞ்ச தண்ணி, ஏட்டையா. எட்டு வருசமா ஊத்துதேன்."

"பொறவு ஏன் மரம் பட்டுப்போகுது?"

"எங்க பட்டுப்போகுது? வருசா வருசம் இந்த மாசம் உதிரும், பொறவு தளிர்க்கும். நீங்க டூட்டிக்குப் போயிருவிய, எங்க பாத்திருக்கப் போறிய?"

ஊரில் யார் எந்நேரம் எங்கே போனார்கள் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, தன் வாசல் மரத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வாளியைத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் அவள் உள்ளே போனதும், ஒரு கிளையை வளைத்து நுனியைச் சோதித்தார். நகமளவு தளிர் ஒன்று பச்சையாக இருந்தது. அப்புறம்தான் அவருக்கு வெட்கம் வந்தது.