சிஸ்டர் அத்தையின் சீமைச் சாமந்தி

அந்த விதையை உள்ளங்கையில் கொட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலும் பாதி பறந்துவிடும், அவ்வளவு பொடி. என் அப்பாவின் தங்கை ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் கன்னியாஸ்திரியாகப் பணியாற்றினார். ‘சிஸ்டர் அத்தை’ என்று நாங்கள் கூப்பிடும் அவர், எனக்குப் பத்து வயதான வருஷம் மதுரை விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு விடுமுறையில் வந்தபோது, ஒரு தகர டப்பா நிறையக் காய்ந்த கேமோமில் பூவும் ஒரு பொட்டலம் விதையும் கொண்டுவந்தார். வெந்நீரில் அந்தப் பூவைப் போட்டுக் குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்றார். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக இருந்ததால் எங்கள் வீட்டில் அதற்குச் ‘சீமைச் சாமந்தி’ என்று பெயராயிற்று.

அப்போது எங்கள் வீட்டில் இல்லாமல் போயிருந்தது தூக்கம்தான். பள்ளிக்கூட டீச்சரான என் அம்மா தீபாவளிக்கு முன்பிருந்தே தூங்கவில்லை. காலையில் நான் எழுந்து வந்தால் மத்தியானத்துக்கான காய் வரை நறுக்கி முடித்து, என் யூனிஃபார்மை இரண்டு தடவை தேய்த்து வைத்து, சிவந்த கண்ணோடு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டால் “சூடு பாப்பா, உடம்புச் சூடு” என்பாள். அத்தையின் டப்பா இருந்தவரை கொஞ்சம் தூங்கியது போல எனக்குத் தோன்றியது. டப்பா காலியானதும் பழைய கதைதான். அதனால் அம்மாவைத் தூங்கவைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான்.

“மேல தூவுனாப் போதும், மண்ணப் போட்டு மூடிறாத” என்று அத்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். மொட்டை மாடியில் நான்கு பெயின்ட் வாளிகளில் மண்ணும் சாணிப்பொடியும் கலந்து தூவினேன். தண்ணீர் விட்டால் விதை அடித்துக்கொண்டு போனது. ஆகவே டீ வடிகட்டியைப் பிடித்து அதன் வழியாக ஊற்றினேன். அப்பா காலை டீக்கு வடிகட்டியைத் தேடி மாடிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. எறும்பு கொண்டுபோனது போக மிச்சம் முளைத்து, மார்கழிக் குளிரில் சீரக இலை மாதிரி மெல்லிசாகப் படர்ந்து, தை பிறந்ததும் மொட்டு வைத்தது. அம்மாவிடம் தினமும் எண்ணிக்கை சொன்னேன். நாற்பத்தொரு மொட்டு வரை சொன்னது ஞாபகமிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் நான்கு வாளியிலும் வெறும் காம்பு. கீழ்வீட்டுச் செல்வி அக்கா மிளகாய் காயவைக்க மாடிக்கு வந்தவர், அந்த மெல்லிசு இலையையும் வாசத்தையும் கண்டு மரிக்கொழுந்து என்றே முடிவுகட்டி, நுனி நுனியாகக் கிள்ளி மல்லிகையோடு சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, எழுமலையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். “என்னடி இது, மரிக்கொழுந்து பழ வாசம் அடிக்குது?” என்று என்னிடமே கேட்டார். மதுரைக்காரியின் கண்ணுக்கு மணக்கிற இலை எல்லாம் தலையில் வைக்கத்தான். நான் மாடிக்கு ஓடிப்போய் அழுதேன்.

மறுநாள் அம்மாவே கேட்டாள், “உன் பூவு என்னாச்சு பாப்பா?” அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இன்னைக்கு டீ போட்டுருவேன்” என்றேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் மூக்குத்திப்பூ மண்டிக் கிடந்தது; அதற்கும் வெள்ளை இதழ், மஞ்சள் நடு. பறித்து, மூன்று தடவை கழுவி, வெயிலில் சுருள விட்டு அத்தையின் டப்பாவில் அடைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு பழுப்புக் கவரும் அரைக் கிலோ அல்வாவுமாக வந்தார். அம்மாவும் அவரும் அடுப்படியில் ஏதோ பேசினார்கள். வெளியே வந்தபோது அம்மாவின் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. “எங்க உன் டீயி, கொண்டா” என்றாள். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

விடிந்தது ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு அம்மா எழவில்லை. முதல் பூசைக்கு மணி அடித்தும் எழவில்லை. அம்மா பூசைக்குத் தவறி நான் பார்த்ததே இல்லை. “எழுப்பாத, சாயங்காலப் பூசைக்குப் போயிக்கலாம்” என்று அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். நான் என் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். சூடாகக் காற்று வந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு அம்மா கண்ணைத் திறந்து, “என்னத்தடி மூக்கைத் தடவிக்கிட்டு இருக்க, மணி என்ன?” என்றாள். நான் கட்டிலோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றே டப்பாவைக் காலி செய்தேன். அம்மாவும் அதன்பிறகு டீ கேட்கவில்லை.

போன மாதம் கடையிலிருந்து கேமோமில் டீப் பொட்டலம் வாங்கிவந்தேன். அம்மாவுக்குக் கொடுக்கும்போது, இத்தனை வருஷம் கழித்து, உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா வெகுநேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப எனக்கு மாருல ஒரு கட்டி இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்பா கொண்டாந்த அந்தக் கவர்லதான் ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. அன்னைக்கு நீ வெறும் தண்ணியக் குடுத்திருந்தாலும் தூங்கியிருப்பேன்.” நான் கொடுத்த பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தபடி, “உன் டீயி அம்புட்டுக் கசப்பு. நீ பாத்துக்கிட்டே நின்ன, அதான் குடிச்சேன்” என்றாள்.

காலி மனையில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. மூக்குத்திப்பூ அந்தப் பக்கம் கண்ணில் படுவதில்லை. செல்வி அக்கா மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அந்தக் கட்டியும் தானாகவே கரைந்து போயிற்றாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்துவிட்டது, அம்மா இன்னும் எழவில்லை. நான் மெல்லப் போய் மூக்கருகில் விரலை நீட்டினேன். கண்ணைத் திறக்காமலே “இருக்கேன்டி, போ” என்றாள்.