வாசலில் குவிந்த சப்பாத்துகள்

இன்று மருந்துக்கடையில் நோவுத் தைலம் மணத்ததும், இடித்துவிட்ட எங்கள் மோர்னிங்சைட் அடுக்குமாடிக் கட்டிடமும், எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் குவிந்துகிடந்த சப்பாத்துகளும் நினைவுக்கு வந்தன. கூடவே, அந்தத் தைலம் பூசிய முழங்காலோடு நொண்டிவந்து எங்களைப் பந்தடிக்க தன் வான் வண்டியில் ஏற்றிப்போகிற கோச்சும் நினைவில் வந்துவிட்டார். ஒருகாலத்தில் வேல்ஸ் நாட்டுக் கால்பந்து அணிக்கே விளையாடியவர்.

ஒருநாள் அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்ட அம்மா, "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வரச்சொல்லு பிள்ளை" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மடங்காத காலோடு குனிந்தவர், சப்பாத்துக் குவியலின்மேல் விழுந்துவிட்டார்.

"ஐயோ, அப்பிடியே வரச்சொல்லு" என்று அம்மா பதறினார். வெட்கத்தில் எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் முகம் சிவக்க, விழுந்தபடியே நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் மேலே வரவேயில்லை. கீழே நின்று ஹோர்ன் அடிப்பார்.