இரண்டு தட்டு

என் மச்சினனின் இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்ட மாதிரி தழும்பு இருக்கிறது. நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நேரில் வரலாம், தொட்டுப் பார்க்கலாம். அவன் கூச்சப்பட மாட்டான். ஆனால் அது எப்படி வந்தது என்று மட்டும் அவனிடம் கேட்காதீர்கள். கேட்டால் எழுந்து போய்விடுவான். என்னிடம் கேளுங்கள்.

நான் படகு மெக்கானிக். சில படகுகளில் என்ஜின் உள்ளே இருக்கும். அதிலிருந்து ஒரு இரும்புக் கால் பின்பக்கமாக வெளியே வந்து தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். காலின் நுனியில் புரொபெல்லர். அந்த மாதிரிப் படகுகள்தான் என் பிழைப்பு. என் மனைவியின் தம்பி எனக்குக் கூட்டாளி. வேலையில் சுத்தம். வாய்தான் ஓயாது.

அந்தப் படகைக் கொண்டுவந்தவர் ஒரு பல் டாக்டர். பழைய படகு. அவர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"கியர் போட்டாலே ஒரே வைப்ரேஷன் சார். டீ கிளாஸ் நிக்க மாட்டேங்குது. ரெண்டு மெக்கானிக் பாத்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க."

"கவலையை விடுங்க டாக்டரே," என்றான் மச்சினன். "ஆடுற பல்லு எதுன்னு கண்டுபிடிச்சுப் பிடுங்கிடறோம். மயக்க ஊசி மட்டும் பில் வரும்போது நீங்க போட்டுக்குங்க."

படகு உதறினால் காரணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புரொபெல்லர் வளைந்திருக்கும். பேரிங் போயிருக்கும். என்ஜினையும் காலையும் இணைக்கிற ஜாயின்ட் தேய்ந்திருக்கும். என்ஜின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் நைந்திருக்கும். படகைக் கரையேற்றி எல்லாவற்றையும் பார்த்தோம். பேரிங்கை மாற்றினோம். புது புரொபெல்லர் போட்டோம். மறுபடி தண்ணீரில் இறக்கினோம்.

உதறியது.

புரொபெல்லரையே கழற்றி வைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டோம். தண்ணீரை அடிக்க அங்கே ஒன்றுமே இல்லை...

அப்போதும் உதறியது.

"மாமா, இது மெக்கானிக் கேஸ் இல்ல," என்றான். "படகுக்குக் குளிர் ஜுரம். கம்பளி வாங்கிப் போத்துங்க."

எங்கள் வேலையில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவன் ஸ்டியரிங்கில், ஒருவன் பின்னால். என்ஜின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் பின்னால் இருப்பவன் படகின் உடம்பில் ஸ்பேனரால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால், கையை எடுத்துவிட்டேன், ஸ்டார்ட் பண்ணு. இது எங்கள் இருவருக்குள் நாங்களே வைத்துக்கொண்ட கணக்கு. இன்னொரு விதியும் உண்டு. தண்ணீருக்குள் இறங்குபவன் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அது என் மனைவி போட்ட சட்டம். தம்பி என்றால் அவளுக்கு உயிர்.

புரொபெல்லரைத் திரும்ப மாட்டினோம். அன்று மதியம் முழுக்க அவன் தட்டுவதும் நான் ஸ்டார்ட் செய்வதுமாகப் போனது.

டக் டக்.

கொஞ்சம் கழித்து, மெல்லிசாக... டக். டக்.

"ஒவ்வொரு வாட்டியும் டக் டக்னு தட்டிட்டு எதுக்குடா மறுபடியும் தட்டுற?"

"நான் மறுபடி தட்டவே இல்ல. காதுல இருக்குற கிரீஸைக் கழுவுங்க மாமா."

மேலே தகரக் கூரை போட்ட துறை அது. எதிரொலி என்று விட்டுவிட்டேன். ஆனால் எதிரொலி தேய வேண்டும் இல்லையா? இது நேரம் ஆக ஆகத் தெளிந்தது. முதலில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே தடுமாற்றம் இருந்தது. எழுதப் பழகும் குழந்தையின் கோடு மாதிரி. சாயங்காலத்துக்குள் இடைவெளி அச்சு அசலாக அவனுடையது.

ஐந்து நாற்பதுக்கு அவனை ஸ்டியரிங்கில் நிறுத்திவிட்டு நான் பின்னால் போனேன். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டினேன். உள்ளே எது தேய்ந்தாலும் இப்படிக் கேட்டுவிடும். ஒன்றும் இல்லை. என்ஜினை நிறுத்த ஒரு தட்டு தட்டினேன். நிறுத்தினான். இறங்கிப் போய்க் கரையில் நின்று பாட்டிலில் தண்ணீர் குடித்தான். எனக்கு நேர் எதிரே.

நான் காதை எடுக்கவில்லை.

டக். டக்.

சூடான இரும்பு ஆறும்போது சத்தம் போடும்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரும்புக் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்க்கலாம் என்று பட்டனை அழுத்தினேன். மோட்டார் முனகியது. கால் எழவில்லை. காலையில் நன்றாகத்தான் எழுந்தது.

"கயிறு ஏதாச்சும் சுத்தியிருக்கும். நான் இறங்கிப் பாக்கறேன்," என்றான். மார்பளவு தண்ணீர்தான். சாவியைக் கழுத்தில் மாட்டினான். மூச்சை இழுத்தான். முங்கினான்.

ஆறு பத்து. கூரைக்கடியில் இருட்டத் தொடங்கியிருந்தது.

நான் ஸ்டியரிங்கில் நின்றேன்.

டக் டக்.

பழக்கதோஷம். கை தானாகச் சாவிக்குப் போனது. விரலில் வெறும் துளைதான் பட்டது.

சாவி அவன் கழுத்தில்.

சாவியைத் தானே வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணு என்று ஏன் தட்டுகிறான்?

டக் டக்.

இந்த முறை பலமாக. அவசரமாக.

குனிந்தேன். என் காலடியில் ஸ்பேனர். அவன் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே.

டக் டக். டக் டக்.

சத்தம் பின்னாலிருந்து வரவில்லை...

என் பாதத்துக்கு நேர் கீழே.

பின்பக்கம் ஓடினேன். அவன் தலை தெரியவில்லை.

குமிழி.

அப்புறம் அதுவும் இல்லை.

கத்தியோடு குதித்தேன். கை வைத்த இடமெல்லாம் கயிறு. புரொபெல்லரோடு சேர்த்து அவன் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கியிருந்தது. அறுத்தேன். நான் அறுக்க அறுக்க, ஓடாத என்ஜினின் புரொபெல்லர் மெதுவாகத் திரும்பியது. கால் சுற்று. இன்னும் கால் சுற்று. அவனைத் தன் பக்கம் இழுப்பது போல.

அறுந்தது.

கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கினான். எனக்குப் பயம் கோபமாக மாறிவிட்டது.

"ஏண்டா தட்டின? ஏண்டா?"

ரத்தம் வழியும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"எந்தக் கையால மாமா?"

மறுநாள் காலையில் படகைக் கரையேற்றினோம். கால் சுலபமாக மேலே எழுந்தது. காலில் கயிறு இல்லை. அறுத்த துண்டு ஒன்றுகூட இல்லை.

டாக்டரிடம் நம்பர் வாங்கி, படகை அவருக்கு விற்றவரைக் கூப்பிட்டேன். எந்தப் படகு என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"யாராவது கீழ இறங்கினாங்களா?" என்றார் அவர்.

"என் மச்சினன். தப்பிச்சுட்டான்."

"எத்தனை தட்டு கேட்டுச்சு தம்பி?"

நான் தட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"ரெண்டு."

"உங்களுக்கு ரெண்டுன்னா ஸ்டார்ட்டா?"

"ஆமா."

"எங்களுக்கு மூணு," என்றார். "நானும் எங்க அண்ணனும் வச்சுக்கிட்ட கணக்கு. அன்னிக்கு அவன் கீழ இருந்தான். மூணு கேட்டுச்சு. சாவியைத் திருப்பிட்டேன். அவன் ரெண்டு கையும் கயித்துல மாட்டியிருந்துச்சு தம்பி. தட்டுச்சுன்னு சொன்னேன், யாரும் நம்பல. அண்ணி இன்னி வரைக்கும் என் முகத்தைப் பாக்கல."

"அவர் எதுக்கு இறங்கினார்?"

"வேற எதுக்கு? உதறல்தான். அவன் போனப்புறம் ஒரு வருஷம் படகு வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுது. வித்துட்டேன்."

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காசு வேண்டாம், படகைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள், யாரையும் அதன் கீழே இறக்காதீர்கள் என்றேன். "சரி சார், சரி சார்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு படகை எடுத்துப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். குரல் அடையாளமே தெரியவில்லை.

"சார்... படகு இப்ப உதறல."

"யார் சரி பண்ணது?"

பின்னால் எங்கோ ஒரு பெண் அழும் சத்தம்.

"டாக்டரே, யார் பாத்தாங்க?"

"புதுசா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். அவர்தான் சார் தட்டினார்," என்றார். "நாலு தட்டுனா ஸ்டார்ட்டுன்னு அவரே சொல்லிட்டுத்தான் இறங்கினார். நான் எண்ணினேன் சார்... சரியா நாலு."