இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள்

போன வாரம் என் தங்கையின் இரட்டைப் பெண்களை ஜோகூர் பாருவில் ஒரு நர்ஸிங் காலேஜுக்கு இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனேன். ஷாலினி, மாலினி. அச்சு அசல் ஒரே முகம். அவர்கள் குடியிருக்கும் உலு திராமில் பக்கத்து வீட்டுக்காரர்களே இன்னும் குழம்புவார்கள்.

தனித்தனியாக உள்ளே போய் வந்தார்கள். நன்றாகச் செய்ததாகச் சொன்னார்கள். கிளம்பலாம் என்று பார்த்தால்... மூவரையும் மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள்.

இன்டர்வியூ செய்த அம்மாள் தமிழர்தான். பெண்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஏன் நர்ஸ் ஆகணும்னு கேட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான்தான் கூட இருந்தேன்னு ரெண்டு பேரும் சொல்றாங்க. ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆளத்தானே விடுவாங்க? அப்ப ஒருத்தி பொய் சொல்றா."

போன வருஷம் நான் என் ஊரான மூவாரிலிருந்து தங்கையைப் பார்க்கப் போனபோது கட்டிலருகே இருந்தவள் மாலினி. அப்படித்தான் நினைத்தேன். நிஜமாகவே மாலினிதானா?

ஷாலினி விளக்கினாள். கூட இருப்பவருக்கென்று கொடுத்த ஒரே பாஸ், ஒரே மாதிரி நீலச் சட்டை. காலையில் மாலினி, சாயங்காலம் இவள். வார்டில் யாருக்கும் தெரியாதாம்.

கேட்க அழகான கதை. அதனாலேயே அந்த அம்மாள் நம்பவில்லை. ஆஸ்பத்திரியை ஏமாற்றியவர்கள் இன்டர்வியூவை ஏமாற்ற மாட்டார்களா? அங்கே நடந்ததில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லும்படி மாலினியைக் கேட்டார்.

மாலினி ஷாலினியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஒருநாள் காலையில அம்மாவுக்கு மூச்சுத் திணறி கண்ணு சொருகிருச்சு மிஸ். நர்ஸுங்க ஓடி வந்து திரைய இழுத்து மூடிட்டாங்க. உள்ள அம்மா இருக்காங்களா இல்லையான்னுகூட தெரியாம நான் வெளிய நின்னேன்."

இது எனக்கே புதுச் செய்தி! அம்மாள் ஷாலினி பக்கம் திரும்பினார். உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று அவள் தலையாட்டினாள்.

போச்சு. இரண்டு சீட்டும் போச்சு என்று நினைத்தேன்.

ஷாலினியோ எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மாலினியை மட்டும் பார்த்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சாயங்காலம் நீ எப்படி அங்க தனியா உக்காந்திருப்ப?"

ஷாலினி அழ ஆரம்பித்தாள். மாலினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் இருவரின் விண்ணப்பங்களையும் மூடி வைத்தார். போகலாம் என்றார்.

சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த அம்மாளைப் போல இன்னொரு கேள்வியைக் கேட்கிறோம்? பாதிக் கதையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோமே — அன்று நான் எழுதியதைப் போல!

நேற்று போன் வந்தது. இருவருக்கும் இடம் கிடைத்துவிட்டது.

என்ன... வேறு வேறு வகுப்பில் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாளுக்குச் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை போல!