வரி கட்டாத ஊரில் என் அண்ணன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோடை விழாக் கூட்டமெல்லாம் மலையிறங்கிப் போய் ஏற்காடு கடைவீதி காற்றாடிக்கொண்டிருந்த சமயத்தில், அமெரிக்காவிலிருந்து என் அண்ணன் வந்து சேர்ந்தார். வரப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏரிக்குப் போகிற சாலையில் நான் காபித்தூள், மிளகு, தேன் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் ஒரு டாக்சி நின்றது. அதிலிருந்து இறங்கிய மனிதரை வாடிக்கையாளர் என்று நினைத்து, "வாங்க சார், தேன் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு இளைத்திருந்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சின்ன ஊரில் கார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அண்ணி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. வாரம் தவறாமல் எனக்கு போன் செய்வார். செய்தால் பாதி நேரம் அரசியல்தான். அரசாங்கம் எதிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்கிற கட்சிக்காரர் அவர். "அரசாங்கம் சின்னதா இருக்கோணும் கண்ணு. ஒருத்தன் சம்பாரிச்சதப் புடுங்கி இன்னொருத்தனுக்குக் குடுக்கறதுக்குப் பேரு தருமம் இல்ல. அக்கம்பக்கம் பாத்துக்கோணும், சொந்தபந்தம் பாத்துக்கோணும்" என்பார். அங்கே தேர்தல் வந்தால் எனக்கு இங்கே காது வலிக்கும்.

நானும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். மருத்துவம் என்று வந்தால் மட்டும் சண்டைக்குப் போவேன். "இங்க எங்க வீட்டுக்காரருக்கு அரசாங்கக் காப்பீட்டுலதானுங்கண்ணா ஆபரேசன் பண்ணுனாங்க" என்பேன். அவர் விடமாட்டார். ஆனால் மற்ற விஷயங்களில் எனக்கு அவர் பேச்சு பிடிக்கும், ஏன் பொய் சொல்ல வேண்டும்? தராசுக்கு முத்திரை, தேனுக்கு லைசென்ஸ், பிளாஸ்டிக் கவருக்கு அபராதம் என்று ஆள் மாற்றி ஆள் வந்து நிற்கும்போது, அண்ணன் சொல்வதுதான் வேதவாக்கு என்று தோன்றும். ஒரு இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு நானே அவருக்கு போன் போட்டுப் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு அவருக்கு ஏக சந்தோஷம்.

காப்பீட்டு விஷயத்திலும் அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பல வருடங்களாக அவர் கட்டி வந்த ஒரு காப்பீட்டுத் திட்டம், புதுச் சட்டம் வந்ததும் நின்று போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த திட்டங்களில் கட்டணம் மளமளவென்று ஏறியது. "பிரசவச் செலவுக்கும் சேத்து நான் கட்டோணுமாம். இந்த வயசுல நான் என்ன புள்ளயா பெக்கப் போறேன்?" என்று கேட்டார். சிரித்தேன். பிறகு விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். கட்டணம் குறைவாக இருக்கிற குறுகிய காலத் திட்டம் ஒன்றில் சேர்ந்துகொண்டார். தனக்கு என்ன வேண்டும் என்று தானே முடிவு செய்ததில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அதன் பிறகுதான் குடலில் புற்றுநோய் வந்தது. திட்டத்தில் சேருவதற்கு முன்பே இருந்த நோய் இது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. வேறு திட்டத்தில் சேர வருடத்தில் சில வாரங்கள்தான் வாய்ப்பு உண்டாம். அது அப்போதுதான் முடிந்திருந்தது. பட்டறையை விற்று, வீட்டை விற்று, ஆபரேசன் செய்துகொண்டாராம். அவருடைய ஊர்க்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கோழி சுட்டு விற்று, வந்ததை அவர் கையில் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா கண்ணு, யாரும் சட்டம் போட்டு அவங்களக் குடுக்கச் சொல்லல" என்றார். அந்தப் பணம் சில வாரங்களுக்குத்தான் தாங்கியிருக்கிறது. பிறகு நோய் திரும்பிவிட்டது. இதையெல்லாம் வந்து இரண்டு நாள் கழித்துத்தான், ஏற்காட்டுக்குப் பக்கத்தில் நாகலூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்த கதை மாதிரி சொன்னார்.

"சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போலாங்கண்ணா, காசு கேக்க மாட்டாங்க" என்றேன்.

"வேண்டாம்" என்றார்.

"ஏனுங்கண்ணா?"

"நான் இந்த ஊருக்கு வரி கட்டி எத்தன வருசம் ஆச்சு? நான் இப்ப இந்த நாட்டுக் குடிமகனே இல்ல. காலம்பூரா அடுத்தவங்க காசுல வைத்தியம் பாக்கறது தப்புன்னு பேசிப்போட்டு, எனக்குன்னு வந்ததும் போயி ஓசில படுத்துக்கறதா? நான் பேசுனதுக்கு நான் நிக்க வேண்டாமா சாமி?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உயிர் போகிற நேரத்தில் என்ன கொள்கை வேண்டிக் கிடக்கிறது என்று கத்தினேன். சங்கிலியைக் கழற்றி, இதை வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். என்னை முறைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் ஓட்டலில் டிரைவர். அவர் வருமானத்திலும் என் கடையிலும் அந்த வைத்தியத்துக்குப் பணம் புரட்டுவது நடக்கிற காரியமில்லை என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணன் வழியிலேயே போய்ப் பார்த்தால் என்ன? எங்கள் கடைவீதியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பெரிய வியாதி, விபத்து என்றால் எல்லாக் கடைக்காரர்களும் முடிந்ததைப் போடுவார்கள். டீக்கடைக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது அப்படித்தான் எழுந்து நடந்தார். "நீங்க சொன்ன மாதிரியே, அக்கம்பக்கத்துல கேக்கறேங்கண்ணா. அதுக்காச்சும் சம்மதிப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அதுதான் சரி கண்ணு. மனசு வந்து குடுத்தா வாங்கிக்கறதுல எனக்கு வெக்கமே இல்ல" என்றார். அடுத்த நாள் என்னோடு கடைக்கும் வந்தார். நான் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க, அவர் என் கடை வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேசவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். பேக்கரிக்காரர், "அமெரிக்காக்காரருக்கு நாம குடுக்கறதுங்களா? அவருதானுங்க நமக்குக் குடுக்கோணும்" என்றார். நான் விளையாடுகிறேன் என்று நிஜமாகவே நினைத்துவிட்டார். விவரம் சொன்ன பிறகு அவர் முகம் மாறியது, ஆனால் கை கல்லாப்பெட்டிக்குப் போகவில்லை. இன்னொருவர், "தனக்கு மிஞ்சித்தானுங்க தானம், சீசனே இந்த வருசம் படுத்துருச்சு" என்றார். பொய் இல்லை. கொடுத்தவர்களும் எனக்காகக் கொடுத்தார்கள்; வந்தது ஒரு ஸ்கேன் செலவுக்குக்கூடக் காணாது. வாழவந்தியிலிருந்து வந்து பழம் விற்கிற அம்மா மட்டும் நேராக அண்ணனிடமே போய், மடியில் ஒரு பை ஆரஞ்சை வைத்து, "எந்த ஊருங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இந்த ஊருதானுங்க" என்றார் அண்ணன். அந்த அம்மா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பேக்கரி என் கடைக்கு நேர் எதிரே. அங்கே பேசியதெல்லாம் அண்ணன் காதில் விழுந்திருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு ஆரஞ்சை உரித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "அவங்க சொல்றது நாயந்தான் கண்ணு. டீக்கடைக்காரரு அவங்களுக்குத் தெனமும் டீ போட்டுக் குடுத்தாரு. நான் இங்க யாருக்கு என்ன பண்ணியிருக்கேன்? அக்கம்பக்கம்னா பக்கத்துல இருந்திருக்கோணுமல்ல" என்றார். பஸ் ஜன்னலில் காபித் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அழுவதைப் பார்க்காத மாதிரி அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகும் அவர் இறங்கி வரவில்லை. வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் தினமும் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அவர் பேசியதிலிருந்தே மேற்கோள் காட்டி அவரை மடக்கினேன். ஒரு காலையில் காபி கொண்டு போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னதே சரி கண்ணு. ஆஸ்பத்திரிக்கே போலாம்" என்றார்.

அந்த வார்த்தைக்காகத்தானே அத்தனை நாள் சண்டை போட்டேன்? ஆனால் கேட்டதும் காபியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மனம் மாறியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். மனம் மாறவில்லை. வலி தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் வண்டி எடுத்து வந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவர் முதலில் சொன்னது வியாதியைப் பற்றி அல்ல. "நான் வெளிநாட்டுக் குடிமகனுங்க. இதுக்கு எனக்குப் பாத்தியத இல்லீங்க" என்றார். "மொதல்ல படுங்கய்யா" என்றார் அந்தச் சின்ன வயது டாக்டர். நல்ல பிள்ளை. நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் நோய் ஈரல் வரைக்கும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு மருந்து கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லையாம். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். டாக்டர் இல்லையென்று தலையசைத்தார். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போதே காலம் கடந்துவிட்டதாம்.

அப்படியென்றால் நான் அவரை அந்த ஒரு வார்த்தை சொல்ல வைத்ததில் யாருக்கு என்ன லாபம்? அந்த வார்டில் அவர் அதன் பிறகு அரசியலே பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் பேரன் செல்போனில் அமெரிக்கச் செய்தி ஓடினால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். யார் ஊசி போட வந்தாலும் கைகூப்புவார். தேய்த்து மடித்த சட்டைக் காலருடன் நிமிர்ந்து நிற்கும் என் அண்ணன், படுத்த வாக்கில் எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டிருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. ஆடி பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்.

அவர் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று என் வீட்டுக்காரர் இப்போதும் சில நேரம் கேட்பார். எனக்குத் தெரியவில்லை. அண்ணன் சொன்னதில் பாதி எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. நான் சொன்னதும் தப்பில்லை. சாகப்போகிற மனிதரிடம் மிச்சம் இருந்தது அவருடைய அந்த ஒரு பிடிவாதம் மட்டும்தான், அதையும் நான் அன்பு அன்பு என்று சொல்லியே பிடுங்கிக்கொண்டு விட்டேனே என்று நினைக்கும்போதுதான் எனக்குச் சோறு இறங்க மறுக்கிறது.