எந்தக் கால்

ஒரு திங்கட்கிழமை காலை, மந்தைவெளியில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டின் படுக்கையறையில் இருந்து, "கால் வரல" என்று என் கணவரிடம் சொன்னேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு ஓடி வந்தார்.

"எந்தக் கால்?"

"இடது."

அது பொய்.

அந்தப் பொய்க்கு எங்கள் வீட்டில் சாட்சி தேவைப்படாது. ஆறு ஆண்டுகளாக எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் நோய் அது. மூளை இடும் கட்டளை கால் வரை போய்ச் சேராது. இரண்டு முறை என் இடது கால் உண்மையாகவே செயலிழந்திருக்கிறது. இரண்டு முறையும் அவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்.

அன்று இரண்டு கால்களும் போர்வைக்குள் நலமாகவே இருந்தன. விரல்களை அசைத்துப் பார்த்தேன்; அசைந்தன. எழுந்து குளித்து ஒரு நாளை நடத்த வேண்டும் என்ற எண்ணம்தான் வரவில்லை. பல வாரங்களாகக் குறைந்துகொண்டே வந்தது அன்று காலை முற்றிலும் நின்றுபோயிருந்தது.

அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கால் நோய்க்கு ஒரு கோப்பு இருக்கிறது. ஸ்கேன் படம் இருக்கிறது. அதைக் கேட்டவுடன் மனிதர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். மனம் எழாததற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. என் வேலையும் என் வாயை அடைத்தது. சமூகப்பணியில் பட்டம் பெற்று, கடலோரச் சாலையில் மீன் விற்கும் பெண்களுக்காக மனு எழுதித் தரும் ஒரு சிறிய அமைப்பில் இருக்கிறேன். அவர்கள் விடியுமுன் எழுந்து கூடை சுமப்பவர்கள். அவர்களுக்கு நடுவே அமர்ந்து, எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டேன். இல்லை என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

எதையும் விளைவோடு சேர்த்து எடைபோடுவது என் பழக்கம். இந்தப் பொய்க்கு இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும், பிறகு கால் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று எடைபோட்டேன். மூன்றாம் நாளும் என்னால் எழ முடியாது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. புதன்கிழமை, நிழற்கூரையும் கழிப்பறையும் கேட்டு அதிகாரியைச் சந்திக்க வேண்டிய நாளில், அந்தப் பெண்கள் நான் இல்லாமலே போய் வந்தார்கள். கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கஞ்சி வைத்துக் கொடுத்தார். வியாழக்கிழமை, என்னைக் கேட்காமலே, நரம்பியல் மருத்துவரை அழைத்துப் பேசினார். நோய் மீண்டும் தலைதூக்கியிருக்கலாம், மறுநாளே மருத்துவமனையில் சேர்த்து மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றிவிடலாம் என்று அந்த அம்மையார் சொன்னாராம்.

அந்த மருந்தை நான் அறிவேன். சென்ற முறை அது காலைத் திருப்பித் தந்து தூக்கத்தை எடுத்துக்கொண்டது. ஒன்பது இரவுகள் விழித்திருந்தேன். பத்தாம் நாள், பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்று கணவரிடம் நானே கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, பூட்டினார். இப்போது, இல்லாத நரம்பு வீக்கத்துக்காக, ஏற்கெனவே தரைதட்டிக் கிடக்கும் மனத்தோடு, அதே மருந்தை ஏற்றிக்கொள்ளப் போகிறேன். உண்மையைச் சொன்னால் நின்றுவிடும். ஆனால் அடுத்த முறை கால் உண்மையாகவே வராதபோது யார் நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமை காலை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் கவனித்தேன், வலது காலை இழுத்துக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. இடதுக்கு மாற்றினால் தெரிந்துவிடுமோ என்று வலதையே இழுத்தபடி இறங்கினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"மேடத்துக்கு காலு முடியலியா சார்?" என்றார் ஆட்டோ ஓட்டுநர். "நீட்டிக்கினு குந்தச் சொல்லு. பள்ளம் மேடு பாத்து நான் ஏத்திக்கினு போறேன்." சொன்னபடியே ராயப்பேட்டை வரை ஊர்ந்தார்.

மருத்துவர் என் பாதத்தைக் கையில் ஏந்தி, "தள்ளுங்க" என்றார். எவ்வளவு தள்ளுவது என்று யோசித்துத் தள்ளினேன். அவர் புருவம் சுருங்கியது. அப்போது கணவர் பேசினார்.

"டாக்டர், நேத்து வரைக்கும் இடது கால் மட்டும்தான். இன்னிக்கு வலதும் போயிடுச்சு. படியில பாத்தேன். அவ எங்கிட்ட சொல்லல, பயப்படுவேன்னு."

என் தவறை அவர் பார்த்திருந்தார். அதை நோய் பரவியதாகப் படித்திருந்தார்.

"ரெண்டு காலுமா?" மருத்துவரின் குரல் மாறியது. "அப்ப மூணு நாள் போதாது. அஞ்சு நாள் ஏத்தணும். இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்."

கையில் ஊசிக்குழாய் பொருத்தினார்கள். உள்ளே வேறு தொற்று இருந்தால் அந்த மருந்து ஆகாது என்பதால் ரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயின. முடிவு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் செவிலியர். கணவர் பணம் கட்டும் வரிசைக்குப் போனார். கட்டிலில் தனியாக இருந்தபோது கைப்பேசி ஒலித்தது. மீன் விற்கும் அக்கா. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

"இன்னா பாப்பா, எங்க கீற?"

"ஆஸ்பத்திரியிலக்கா."

"தெரியும், உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. நான் மாதா கோயிலண்டதான் நிக்கிறேன். உம் பேர்ல காலு தகடு ஒண்ணு வெக்கலாம்னு வந்தேன். கடைக்காரன் எடமா வலமான்னு கேக்குறான். எந்தக் காலு?"

நோயுற்ற உறுப்பைத் தகட்டில் வாங்கி மாதாவின் காலடியில் வைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் கடையை நான் பார்த்திருக்கிறேன். கண், கை, கால் எல்லாம் அட்டையில் வரிசையாகத் தொங்கும்.

"சொல்லு பாப்பா, அவன் ஒரு மாதிரி பாக்குறான். வெயிலு வேற."

"ரெண்டும் இல்லக்கா."

"ரெண்டும் இல்லன்னா?"

"காலு நல்லா இருக்கு. எழுந்திரிக்கப் பிடிக்கல. எதுவுமே பிடிக்கல. ரொம்ப நாளா."

எதிர்முனையில் ஒரு பேருந்து ஒலிப்பானை அடித்துக்கொண்டே கடந்து போனது.

"அத்த டாக்டராண்ட சொன்னியா?"

"இல்ல."

"எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? நானா ஊசி போடப் போறேன்?" பிறகு, வேறு யாரிடமோ, "இருய்யா, அந்தப் பொண்ணுக்கே தெரியல" என்றார். மீண்டும் என்னிடம்: "போனை வெய்யி. போய்ச் சொல்லு மொதல்ல."

செவிலியர் மருந்துப் புட்டியோடு உள்ளே வந்தார். கணவரும் பின்னாலேயே ரசீதோடு வந்தார். "ரிப்போர்ட் நார்மல்மா, ஆரம்பிச்சிடலாமா?" என்று செவிலியர் குழாயை இணைக்கக் குனிந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் சிஸ்டர். டாக்டரைக் கூப்பிடுங்க."

அவர் தயங்கி வெளியே போனதும் கணவரிடம் சொன்னேன். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வலது கால்?" என்றார்.

"பொய்."

"இடது?"

"அதுவும்."

"நாலு நாளா நான்..." என்று தொடங்கியவர் முடிக்காமல் ஜன்னலருகே போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, பால்கனிச் சாவியை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார். அது இன்னும் அவரிடமே இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "இதச் சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல்.

மருத்துவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தூக்கம், பசி, அழுகை, சாக வேண்டும் என்ற எண்ணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு, சென்ற முறை வந்தது, இப்போது ஓரமாக நிற்கிறது என்று உள்ளபடி சொன்னேன்.

"மனச்சோர்வும் இந்த நோயோட சேர்ந்து வர்றதுதான்மா. நானும் ஒவ்வொரு தடவையும் காலைப் பத்திதான் கேட்டேன்" என்றார். "ஆனா இனிமே நீங்க சொல்றத மட்டும் நம்பி மருந்து கொடுக்க முடியாது. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். மனநல டாக்டரையும் இன்னிக்கே பாத்துட்டுதான் வீட்டுக்குப் போகணும்."

அவர் சொன்னது நியாயம். ஸ்கேனில் புதிய புண் எதுவும் இல்லை. மனநல மருத்துவர் ஒரு மாத்திரையும், வாரந்தோறும் வந்து பேச ஒரு நாளும் குறித்துத் தந்தார். மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும். அதுவரை என்னைத் தனியாக விட வேண்டாம் என்று கணவரிடம் சொன்னார்.

மாலை வீடு திரும்பினோம். வெயில் தணியவில்லை; படிக்கட்டுச் சுவரே சுட்டது. சூடு ஏறினால் என் நரம்புகள் தளர்ந்துவிடும். இரண்டாவது மாடித் திருப்பத்தில், காலையில் நான் பிடிபடாமல் தப்பிய அதே இடத்தில், இடது கால் உண்மையாகவே கனக்கத் தொடங்கியது. சொல்லாமல் ஏறிவிடலாமா என்று எடைபோட்டேன். விழுந்தால் இருவரும் உருள்வோம்.

"இடது கால் கனக்குது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். மீண்டும் முகத்தை. அந்தச் சில நொடிகள் எனக்கு மருத்துவமனையின் ஒரு மணி நேரத்தைவிட நீளமாக இருந்தன.

ஸ்கேன் உறையைப் படியில் போட்டு, "இதுமேல உக்காரு, கல்லு சுடும்" என்றார். தானும் அருகில் உட்கார்ந்தார். என் செருப்பைக் கழற்றிப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "தள்ளு" என்றார்.

முழு பலத்தோடு தள்ளினேன்.