பதில் சொல்லாத மூன்று மணி நேரம்

என் வீட்டுக்காரருக்குக் கோபப்படத் தெரியாது. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அவருடைய பெரியப்பா மகன்மேல் மட்டும் இரண்டு வருடம் ஒருநாள் விடாமல் கோபப்பட்டேன்.

அந்த அண்ணன்காரனின் நிறுவனத்தில் இவர் பதினோரு வருடம் உழைத்தார். இணையதளங்களுக்குச் சர்வரில் இடம் கொடுக்கும் நிறுவனம் அது. அங்கே மொத்தமாக இடம் எடுத்து, தங்கள் பெயரில் சில்லறையாக விற்கும் ரீசெல்லர்கள் அறுபத்து மூன்று பேர். போட்டோ ஸ்டூடியோ நடத்துபவர், அச்சகம் வைத்திருப்பவர், கம்ப்யூட்டர் டீச்சர் என்று பல தினுசு. தங்களுக்குப் பின்னால் இன்னொருவன் இருப்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பது அவர்களுடைய பெரிய கவலை. அதற்காக ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே நேம்சர்வர் அமைத்துக் கொடுப்பது இவர் வேலை. யாராவது ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அது இன்ன எண்ணுள்ள சர்வரில் இருக்கிறது என்று பதில் சொல்வது நேம்சர்வர். அது வாயை மூடிக்கொண்டால், சர்வர் ஜம்மென்று ஓடினாலும் தளம் இல்லாததுதான்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு நேம்சர்வர்; பெயர்தான் ஆளுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது அதே இரண்டு எண்கள்தான். ஒன்று படுத்தால் மற்றது பதில் சொல்ல வேண்டும். அதனால் இரண்டும் வெவ்வேறு இயந்திரத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதில் இவர் விடாப்பிடி. பதினோரு வருடத்தில் இவர் கைபட்ட தளம் ஒன்றுகூட ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் விழுந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் இந்த மனிதர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது நான்கு நாள் லீவு போட்டார். அந்த நான்கு நாளில் ஏதோ பெரிய வாடிக்கையாளருக்குத் தனி இயந்திரம் தேவைப்பட, அண்ணன்காரன் இரண்டு நேம்சர்வரையும் ஒரே இயந்திரத்தில் திணித்தான். அது மறுநாளே படுத்தது. அறுபத்து மூன்று பேரின் தளங்களும் அரைநாள் காணவில்லை. ரீசெல்லர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அவன் சொன்னானாம்:

"எல்லாம் என் தம்பியோட அலட்சியம். சொந்தக்காரன்னு பார்க்கலை, அனுப்பிட்டேன்."

நான் வயிற்றில் தையலோடு படுத்திருந்தேன். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் இவர் வேலை போன செய்தியைப் போனில் படித்தார். பிறகு எந்த நிறுவனமும் இவரைச் சேர்க்கவில்லை. அலட்சியக்காரர் என்ற பேச்சு இவருக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒரு பல் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. நான் அண்ணன்காரனைச் சபிக்காமல் சோறு வடித்த நாள் கிடையாது.

போன மாதம் அவன் வாடகைக்கு எடுத்திருந்த பழைய சர்வர்களிலிருந்து வேறு இடத்துக்கு மாறினான். நேம்சர்வரின் எண் இரண்டு இடத்தில் எழுதியிருக்கும். ஒன்று சர்வருக்குள்ளே, மற்றது அந்தப் பெயரைப் பதிவு செய்த இடத்தில். உலகம் முதலில் விசாரிப்பது பதிவு செய்த இடத்தில்தான். உள்ளே திருத்திவிட்டு அங்கே திருத்த மறப்பது இந்தத் தொழிலில் கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு. அண்ணன்காரனின் புதிய ஆட்கள் அந்தத் தப்பைச் சுத்தமாகச் செய்து முடித்திருந்தார்கள். பழைய சர்வர்கள் வாடகை முடியும்வரை ஓடியதால் யாருக்கும் உறைக்கவில்லை.

இவருக்கு உறைத்தது. தினமும் காலையில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லாமல். பழைய சர்வர்கள் காலியான அன்றே, அவற்றை வாடகைக்கு விடும் இடத்தில் வேலை பார்க்கும் சிநேகிதரிடம் கேட்டு, ஒரு சின்ன சர்வரை அதே இரண்டு எண்களோடு தன் பெயரில் எடுத்துவிட்டார். அறுபத்து மூன்று பேரின் தளங்களையும் யார் தேடினாலும் கேள்வி இப்போது இவரிடம் வந்தது. புதிய சர்வரைக் கேட்டுச் சரியான பதிலைச் சொல்லும்படி அமைத்திருந்தார். ஒரு தளமும் விழவில்லை.

"இன்னைக்கு நேர்ல போய்க் காட்டப் போறேன். உன் கடை என் கையிலதான் ஓடுதுன்னு. அது போதும் எனக்கு," என்றார் மறுநாள் காலையில், எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காட்டினா? தேங்க்ஸ் தம்பின்னு தோள்ல தட்டிட்டுப் போவான். நிறுத்துங்க. அவனா தேடி வரட்டும்."

"தளமெல்லாம் விழுந்துடும்மா."

"விழட்டும். ரெண்டு வருஷம் நாம விழுந்து கிடக்கலையா? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

கடைசியாகக் கேட்டதைக் கேட்டிருக்கக்கூடாது. இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சர்வரை நிறுத்த ஒரே ஒரு வரி தட்டினார். மணி பத்தே கால்.

தளங்கள் ஒவ்வொன்றாக விழ விழ எனக்கு வயிறு குளிர்ந்தது, அதை மறைப்பானேன். அங்கே அவர்கள் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. திரையில் ஓடும் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் இவர் கையால் அமைத்தது.

அந்த எண்கள் இப்போது யார் கையில் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்து, ஒரு மணிக்கு அண்ணன்காரன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். பதிவு செய்த இடத்தில் இப்போது மாற்றினாலும் ஊரெல்லாம் போய்ச் சேர ஒருநாள் பிடிக்கும். அதுவரை இவரை விட்டால் கதியில்லை.

"தம்பி, குடும்பத்துக்குள்ள இதெல்லாம் வேணாம்டா."

"அன்னைக்கு யார் தப்புன்னு அறுபத்து மூணு பேருக்கும் எழுதுங்கண்ணே."

எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினான். எழுதிவிட்டு நிமிர்ந்தான். "இன்னைக்கு ஏன் விழுந்துச்சுன்னு கேட்பாங்களே, அதுக்கு என்ன எழுத?"

நான் குறுக்கே பாய்ந்தேன். "உங்க ஆளுங்க மறந்துட்டாங்கன்னு எழுதுங்க. அதுவும் நிஜம்தானே?"

"மறந்ததையும் எழுதுங்கண்ணே. அதைச் சரியா ஓட்டிக்கிட்டிருந்து, வேணும்னே நிறுத்தினது நான்தான்னும் எழுதுங்க," என்றார் இவர்.

கடிதம் போனது. ஒன்றே காலுக்கு இவர் மறுபடி ஒரு வரி தட்ட, தளங்கள் எழுந்தன. நான் ஜெயித்த தோரணையில் உட்கார்ந்திருந்தேன். முதல் போன் ஸ்டூடியோக்காரரிடமிருந்து வந்தது. பதினோரு வருடமும் கூடவே இருந்தவர். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அன்னைக்கு நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் சார். இந்த ரெண்டு வருஷமும் உங்களுக்காக நான் எத்தனை பேர்கிட்ட மல்லுக்கு நின்னிருப்பேன் தெரியுமா? என்கிட்ட ஒரு டயாலிசிஸ் சென்டரோட தளம் இருக்கு, நீங்கதான் செட் பண்ணிக் குடுத்தீங்க. இன்னைக்கு நோயாளிங்களுக்கு நேரம் பார்க்க முடியலை. அது நிஜமாவே நீங்களா சார்?"

"ஆமா சார்," என்றார் இவர்.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. இவர் முகம் கழுவப் போன நேரத்தில் நானே ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டேன். அவர்மேல் தப்பில்லை, நிறுத்தச் சொல்லி ஏத்திவிட்டது நான்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

முழுதும் கேட்டுக்கொண்டார். "இருக்கட்டும்மா. நீங்க சொன்னதும் அவர் நிறுத்தினார் இல்லையா?" என்றார்.